செத்த ராக்கெட்டில் முளைத்த காராமணி: விண்ணேவுதலும் சுற்றுச்சூழலும், ஓர் எளிய அறிமுகம்

2025 ஜனவரி முதல் வாரத்தில் இஸ்ரோ ஒரு படத்தை வெளியிட்டது. சின்னப் பெட்டி ஒன்றுக்குள் காராமணி விதை முளைவிட்டிருந்தது. குழம்புக்கு ஊறப்போட்டு மறந்துவிட்டால் மறுநாள் வெள்ளையாக மூக்கு நீட்டுமே, அதே காராமணிதான். சில ஊர்களில் தட்டைப்பயறு என்பார்கள். எட்டு விதைகளை அனுப்பியிருந்தார்கள். நான்கு நாளில் முளைத்தது, அப்புறம் இலையும் விட்டது.

பெட்டி இருந்த இடம் பூமியிலிருந்து சுமார் 350 கி.மீ. உயரம். அதைச் சுமந்துகொண்டிருந்தது செயற்கைக்கோள் இல்லை, விண்வெளி நிலையமும் இல்லை. வேலை முடிந்துபோன ஒரு ராக்கெட்டின் கடைசித் துண்டு. வழக்கமாக அதை அப்படியே விட்டுவிடுவார்கள், குப்பையாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ராக்கெட் ஏவுவதால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகிறது, அதைச் சரிசெய்ய என்ன செய்கிறார்கள் என்று புதிதாகக் கேட்பவருக்கு, இந்தத் துண்டிலிருந்து தொடங்குவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். 'திறந்த புத்தாக்கம்' என்ற சொல்லின் பொருளும் இதிலேயே புரிந்துவிடும்.

முதலில் ராக்கெட் எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம். தீபாவளி ராக்கெட்டில் மருந்து எரிந்து தீர்ந்ததும் குச்சி எங்கேயோ பக்கத்து வீட்டு மாடியில் விழும். பெரிய ராக்கெட்டுக்கு அந்தக் குச்சியைக் கடைசிவரை தூக்கிப் போகக் கட்டுப்படியாகாது. அதனால் கட்டம் கட்டமாகச் செய்கிறார்கள். இஸ்ரோ அதிகம் பயன்படுத்தும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு நான்கு கட்டங்கள். எரிந்து தீர்ந்த ஒவ்வொரு கட்டத்தையும் கழற்றிவிட்டு, மிச்சம் மேலே போகும். முதல் மூன்றும் கடலில் விழுந்துவிடும். நான்காவது கட்டம் விழாது. செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விடுவது அதுதான் என்பதால், செயற்கைக்கோளுக்கு இருக்கும் அதே வேகம் அதற்கும் இருக்கும், நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல். இறக்கிவிட்ட பிறகு அது காலி வண்டி. ஆனால் அந்த வண்டியை நிறுத்த அங்கே ஸ்டாண்டு கிடையாது. 600, 700 கி.மீ. உயரத்தில் விட்டால் பல பத்தாண்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சுற்றினால் சுற்றட்டுமே, என்ன கெட்டுப்போகிறது?

2001 அக்டோபரில் பி.எஸ்.எல்.வி.-சி3 வெற்றிகரமாகப் போனது. டிசம்பர் 19 அன்று, எல்லோரும் மறந்துபோயிருந்த அதன் நான்காம் கட்டம் தானாகவே வெடித்தது. 300-க்கும் அதிகமான துண்டுகள். அவற்றில் சில இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் சுற்றிக்கொண்டிருந்தன. எரிபொருளும் அழுத்தமும் மிச்சம் இருக்கும் தொட்டி அங்கே மாறிமாறி வெயிலிலும் நிழலிலும் வெந்து குளிர்ந்துகொண்டிருக்கும். அது ஒரு கைவிடப்பட்ட சிலிண்டர் மாதிரி. பாடம் கற்ற இஸ்ரோ, அடுத்தடுத்த பி.எஸ்.எல்.வி.களில் வேலை முடிந்ததும் மிச்ச எரிபொருளை வெளியேற்றித் தொட்டியைக் காலி செய்ய ஆரம்பித்தது. உலகம் முழுக்கவும் இன்று இது அடிப்படை ஒழுங்கு.

ஒரு செ.மீ.க்கு மேல் அளவுள்ள விண்குப்பைத் துண்டுகள் மட்டும் 10 லட்சத்துக்கும் அதிகம் என்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் மதிப்பிடுகிறது. ஒரு கோலிக்குண்டு அந்த வேகத்தில் வந்து மோதினால் செயற்கைக்கோளின் கதை முடிந்தது. மோதினால் இன்னும் துண்டுகள், அந்தத் துண்டுகளால் இன்னும் மோதல்கள். சுற்றுச்சூழல் என்றால் நாம் ஆற்றையும் காட்டையும் காற்றையும்தான் நினைக்கிறோம். தலைக்கு மேலே இருக்கும் அந்தப் பாதைகளும் சுற்றுச்சூழல்தான். வானிலை எச்சரிக்கையும் மீனவருக்கான புயல் தகவலும் அங்கிருந்துதான் வருகின்றன.

சரி, இப்போது அந்தக் காலி வண்டிக்கு வருவோம். அதில் ஏதாவது ஏற்றினால் என்ன என்ற யோசனை 2019-இல் செயலுக்கு வந்தது. ஜனவரி 24 இரவு பி.எஸ்.எல்.வி.-சி44 கிளம்பியபோது, அதன் நான்காம் கட்டத்தில் சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் மாணவர்கள் செய்த கலாம்சாட் இருந்தது. எடை 1.26 கிலோ, ஒரு கைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம். நான்காம் கட்டத்தையே ஒரு மேடையாக வைத்து இயங்கிய முதல் கருவி அதுதான்.

அதே ராக்கெட்டின் முதன்மைப் பயணி மைக்ரோசாட்-ஆர். இரண்டு மாதம் கழித்து, 2019 மார்ச் 27 அன்று, இந்தியா ஏவுகணையால் அடித்து நொறுக்கியது அந்தச் செயற்கைக்கோளைத்தான். நூற்றுக்கணக்கான துண்டுகள் சிதறின. தாழ்வான உயரம் என்பதால் பெரும்பாலானவை சீக்கிரம் விழுந்துவிட்டன. ஒரே ராக்கெட்டில் போனவற்றில் ஒன்று குப்பையைப் பயனுள்ளதாக்கியது, இன்னொன்று குப்பையானது. இதைச் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது.

2022-இல் இந்த மேடைக்குச் சரியான வடிவம் வந்தது. தொட்டியைச் சுற்றிச் சூரியத் தகடுகள், ஒரு லித்தியம் பேட்டரி, தலைகீழாகப் புரண்டு உருளாமல் நிலைநிறுத்தும் அமைப்பு. பெயர் போயம், ஆங்கிலத்தில் கவிதை என்று பொருள் வரும்படி எழுத்துகளைச் சேர்த்திருக்கிறார்கள். 2024 ஜனவரி 1 அன்று பி.எஸ்.எல்.வி.-சி58 எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை 650 கி.மீ. உயரத்தில் விட்டபோது, முக்கியமான ஒரு காரியம் செய்தார்கள். நான்காம் கட்டத்தின் எஞ்சினை மறுபடி இயக்கி அதை 350 கி.மீ.க்கு இறக்கினார்கள். மிச்ச எரிபொருளை வெளியேற்றினார்கள். அதன் பிறகுதான் மேடை வேலையை ஆரம்பித்தது. 350 கி.மீ.யிலும் காற்று இருக்கிறது. நம்மால் உணர முடியாத அளவு மெலிந்த காற்று. ஆனாலும் அந்த வேகத்தில் போகும் பொருளை அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து இழுக்கும். மூன்று மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 21 அன்று அது வளிமண்டலத்தில் நுழைந்து வட பசிபிக் பெருங்கடலுக்கு மேல் முடிந்துபோனது. அந்தப் பயணம் பாதையில் ஒரு துண்டைக்கூட விட்டுவைக்கவில்லை. அடுத்த மாதமே, 2030-க்குள் இந்தியாவின் எல்லா விண்பயணங்களும், அரசுடையதோ தனியாருடையதோ, குப்பை விடாதவையாக இருக்க வேண்டும் என்ற இலக்கை அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் அறிவித்தார்.

காராமணி போனது இதற்கு அடுத்த மேடையில். 2024 டிசம்பர் 30 அன்று கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி60இல் 24 ஆய்வுக் கருவிகள் இருந்தன. 14 இஸ்ரோவுடையவை, 10 வெளியாருடையவை. கல்லூரிகளும் ஸ்டார்ட்அப்களும் கொடுத்தவை அந்தப் பத்து. மும்பையில் ஒரு பல்கலைக்கழகம் கீரைத் திசுவை அனுப்பியது. மிதக்கும் குப்பையைப் பிடிப்பதற்கான ஒரு ரோபோ கையும் அதே மேடையில் சோதனைக்குப் போனது. குப்பையாகியிருக்க வேண்டிய துண்டின் மேல் உட்கார்ந்துகொண்டு குப்பை பிடிக்கக் கற்றுக்கொள்வதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இதைத்தான் திறந்த புத்தாக்கம் என்கிறார்கள். 2003-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி செஸ்ப்ரோ பரப்பிய கருத்து அது. ஒரு நிறுவனம் தன் நான்கு சுவருக்குள் இருப்பவர்களின் மூளையை மட்டும் நம்பாமல், வெளியே இருக்கும் யோசனைகள் உள்ளே வரவும், உள்ளே சும்மா கிடக்கும் வசதிகள் வெளியே போகவும் கதவைத் திறந்து வைப்பது. ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி இலவசம் என்று அர்த்தம் இல்லை. எல்லா ரகசியத்தையும் கொட்டிவிடுவதும் இல்லை. ஏவுவாகனத் துறையில் பாதுகாப்பு காரணமாகப் பலவற்றைக் கொட்டவும் முடியாது. எதைத் திறப்பது, எப்படித் திறப்பது என்பதில்தான் சாமர்த்தியம்.

1999-இல் அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் சேர்ந்து, 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம்தான் மாணவர் செயற்கைக்கோளின் அளவு என்று ஒரு பொது இலக்கணம் வகுத்தார்கள். கியூப்சாட் என்று பெயர். அளவு எல்லோருக்கும் ஒன்று என்றதும், உலகில் எந்தக் கல்லூரி செய்த பெட்டியும் எந்த ராக்கெட்டிலும் பொருந்த ஆரம்பித்தது. ஒரு அளவுகோலைத் திறந்ததற்கே அவ்வளவு பலன். இந்தியாவில் தனியாருக்கு இந்த வாசலைக் காட்டுவதற்கு 2020-இல் இன்-ஸ்பேஸ் என்ற தனி அமைப்பே அறிவிக்கப்பட்டது. திருச்சி என்.ஐ.டி.யில், புது நிறுவனங்களை வளர்த்துவிடும் இஸ்ரோவின் அடைகாப்பு மையம் ஒன்றும் இருக்கிறது.

இதற்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஹைட்ரசீனை எடுத்துக்கொள்வோம். செயற்கைக்கோள்கள் தங்கள் பாதையைத் திருத்திக்கொள்ளப் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் எரிபொருள் அது. கடும் விஷம். அதை நிரப்புபவர்கள் தலை முதல் கால் வரை மூடிய, தனி மூச்சுக்காற்று வரும் உடையோடுதான் பக்கத்தில் போவார்கள். அதன் உறவுக்காரச் சேர்மங்கள்தான் பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்திலும் எரிகின்றன. சீனாவில் சில ராக்கெட்டுகளின் கட்டங்கள் கிராமங்களுக்குப் பக்கத்தில் விழுந்து செம்பழுப்பு நிறப் புகை எழுந்த காட்சிகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். இந்த எரிபொருளோடு சேரும் நைட்ரஜன் டெட்ராக்சைடின் நிறம் அது. ஹைட்ரசீனுக்கு மாற்றாக விஷம் குறைந்த 'பச்சை' எரிபொருள்கள் வந்துகொண்டிருக்கின்றன. 2010-இல் ஸ்வீடனின் பிரிஸ்மா செயற்கைக்கோள் ஒன்றைச் சோதித்தது, 2019-இல் நாசா இன்னொன்றை. பெங்களூருவின் பெல்லாட்ரிக்ஸ் நிறுவனமும் அப்படி ஒரு சிறு உந்துகருவி செய்தது. ஆனால் விண்வெளியில் ஓடிக்காட்டாத எஞ்சினை யார் வாங்குவார்கள்? வாங்காமல் எப்படி ஓடிக்காட்டுவது? அனுபவம் இல்லாதவருக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவருக்கு அனுபவம் இல்லை என்கிற அதே சிக்கல். 2024 ஜனவரியில் போன அந்தப் போயம் மேடையில் இடம் கிடைத்ததால்தான் அந்தக் கருவி தன்னை நிரூபிக்க முடிந்தது. கதவைத் திறந்ததும் தூய்மையான தொழில்நுட்பம் உள்ளே வந்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்; சுத்தமும் திறந்த கதவும் வேறு வேறு விஷயம் இல்லை.

அடுத்து புகை. சென்னையில், அதிலும் வடபகுதியில், மாடி ஏறி நின்றால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டின் வால் தெரியும். கிளம்பும்போது தெரியும் தடித்த வெண்புகை திட எரிபொருளுடையது. அலுமினியத் தூளும் அம்மோனியம் பெர்குளோரேட்டும் ரப்பர் போன்ற பிசினில் கலந்தது அது. எரிந்தால் வருவது அலுமினிய ஆக்சைடு துகளும் ஹைட்ரஜன் குளோரைடும். பின்னது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். உயரே போனால் அதிலுள்ள குளோரின் ஓசோனைத் தின்னும்.

இன்னொரு வகை மண்ணெண்ணெய். ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9-இல் எரிவது அதுதான், சுத்திகரித்த மண்ணெண்ணெய். சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று தன் சொந்த ஏவுமேடையிலிருந்து ஏவிய சோதனை ராக்கெட்டும் விமான எரிபொருளான மண்ணெண்ணெய் வகையில்தான் ஓடியது. ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சின் அது, பெருமைப்பட வேண்டிய வேலை. ஹைட்ரசீன் வகைகளைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது. ஆனால் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பாத்திரத்தின் அடி என்ன ஆகும் என்று. லாந்தர் சிமினியைத் தினம் சாயங்காலம் துடைத்தால்தான் வெளிச்சம் வரும். அந்தக் கரிதான் இங்கே பிரச்சினை.

ஏன் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். லாரி விடும் கரி சில நாளில், அதிகம் போனால் சில வாரத்தில், மழையில் கரைந்து இறங்கிவிடும். நல்ல மழை பெய்த மறுநாள் சாலையோர மரங்கள் பளிச்சென்று இருப்பதைப் பார்க்கிறோமே. ராக்கெட்டோ அந்தக் கரியை நேராக, மேகங்களுக்கு மேலே இருக்கும் அடுக்குமண்டலத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. அங்கே மேகம் இல்லை, மழை இல்லை, கழுவ ஆள் இல்லை. கரித்துகள் ஆண்டுக்கணக்கில் மிதந்து சூரிய வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ராக்கெட் விடும் கரி, தரையிலும் விமானங்களிலும் இருந்து வரும் கரியைவிடச் சுமார் 500 மடங்கு அதிகமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2022-இல் கணக்கிட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்று, அப்போது ஆண்டுக்கு ஆயிரம் டன் அளவில் இருந்த இந்தக் கரி பத்தாயிரம் டன்னானால் அடுக்குமண்டலத்தின் சில பகுதிகள் 0.5 முதல் 2 டிகிரி செல்சியஸ் வரை சூடாகலாம் என்றது. மொத்தமாக எரியும் எரிபொருளைப் பார்த்தால் ராக்கெட்டுகள் விமானங்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதனால் கரியமில வாயுவை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்கள் 'இது ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். எங்கே விடுகிறோம் என்பதுதான் இதில் எல்லாமே.

கேஸ் அடுப்புக்கு மாறியதும் பாத்திரத்தின் கரி போனதுபோல, ராக்கெட்டிலும் மீத்தேன் வந்துவிட்டது. மீத்தேனில் ஓடி முதன்முதலில் சுற்றுப்பாதையை அடைந்தது சீனத் தனியார் நிறுவனமான லேண்ட்ஸ்பேஸின் ஜுச்சுவே-2, 2023 ஜூலையில். கரி வெகுவாகக் குறையும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் எரியாமல் கசியும் மீத்தேனே வெப்பத்தைப் பிடிக்கும் வாயு. ஹைட்ரஜன் எரிந்தால் நீராவி மட்டும்தான், ஆனால் பெரும்பாலான ஹைட்ரஜன் இன்று இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது.

திரும்பப் பயன்படுத்துவதும் அப்படித்தான். 2015 டிசம்பரில் ஃபால்கன் 9-இன் முதல் கட்டம் செங்குத்தாகத் தரையிறங்கியது. 2017 மார்ச்சில் ஒருமுறை பறந்த கட்டம் மறுபடி பறந்தது. இன்று ஒரே கட்டம் இருபது முறைக்கு மேல் போய் வருகிறது. ஒவ்வொரு முறையும் கடலில் போய்ச் சேரவிருந்த உலோகமும் எஞ்சினும் மிச்சம். ஆனால் மலிவானதால் பயணங்கள் பெருகின. 2024-இல் ஃபால்கன் மட்டும் 130 தடவைக்கு மேல் பறந்தது. உலோகம் மிச்சமானது, மண்ணெண்ணெய் செலவு கூடியது.

போயம் கதையிலும் இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. கீழே இறக்கி எரித்துவிட்டால் குப்பை போய்விட்டதா? எரிந்த அலுமினியம் ஆவியாகித் துகளாக மேலேயே தங்குகிறது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், நாசாவின் விமானம் 19 கி.மீ. உயரத்தில் எடுத்த காற்றில், அடுக்குமண்டலத்தின் கந்தக அமிலத் துகள்களில் சுமார் பத்தில் ஒன்றில் ராக்கெட்டுகளும் செயற்கைக்கோள்களும் எரிந்ததால் வந்த உலோகம் இருந்தது. பாதையில் விட்டால் மோதும், இறக்கினால் காற்றில் கலக்கும். இறக்குவதே மேல் என்பது என் எண்ணம், ஏனென்றால் மோதல் சங்கிலியாகப் பெருகும். ஆனாலும் எதைக்கொண்டு செய்கிறோம் என்று யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகமும் சுமிடோமோ ஃபாரஸ்ட்ரி என்ற மர நிறுவனமும் சேர்ந்து மரத்தாலேயே ஒரு செயற்கைக்கோள் செய்தன. மக்னோலியா மரம், ஆணியோ பசையோ இல்லாமல் தச்சர்களின் பழைய கோப்பு முறையில் பொருத்தியது, 10 செ.மீ. பெட்டி. 2024 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. மரம் எரிந்தால் அலுமினியத் துகள் மிஞ்சாது. ராக்கெட் பொறியாளர்கள் மட்டும் உட்கார்ந்து பேசிய அறையில் இந்த யோசனை வந்திருக்குமா என்று தெரியாது. மரக்கடைக்காரரையும் கூப்பிட்டதால் அது செயலுக்கு வந்தது.

தரையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கேரளத்தில் ஆலுவாவுக்குப் பக்கத்தில் கீழ்மாடு பஞ்சாயத்தில், ராக்கெட்டுக்கான அம்மோனியம் பெர்குளோரேட் தயாரிக்கும் ஆலை ஒன்றின் அருகே இருந்த கிணறுகளில் பெர்குளோரேட் கலந்திருந்தது. தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். அது கலந்திருப்பதைக் கண்டறிந்தது ராக்கெட் துறைக்கு வெளியே இருந்த திருவனந்தபுரம் ஆய்வகம் ஒன்று. பாக்டீரியாவைக் கொண்டு அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் முறையை உருவாக்கியதும் அதே ஆய்வகம்தான்.

நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த இடத்தைத் தேர்ந்ததில் ஒரு சிக்கனம் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்கக் கூடாது என்பதால் கிழக்கே ஒதுங்கி வளைந்து போக வேண்டும், அந்த வளைவில் எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேர் தெற்கே வெறும் கடல். அதே சமயம் அங்கிருந்து போகப்போகும், இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று முக்கியக் கட்டங்களும் திட எரிபொருள், அதாவது பெர்குளோரேட்டும் அலுமினியமும். முதல் ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே சுற்றுவட்டாரக் கிணற்றுத் தண்ணீரிலும் தேரி மணலிலும் கடல் நீரிலும் இவை எவ்வளவு இருக்கின்றன என்று அளந்துவைக்க வேண்டும். ஒவ்வோர் ஏவுதலுக்குப் பிறகும் மறுபடி அளந்து, அந்த எண்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பக்கத்து ஊர்க் கல்லூரிகளின் வேதியியல் துறைகளிடமே அந்த வேலையைக் கொடுக்கலாம். செத்த ராக்கெட்டில் கல்லூரிகளுக்கு இடம் கொடுக்க முடிந்தவர்களுக்கு இது பெரிய காரியம் இல்லை.